நான்கு தகடும் ஓர் இரட்டைக்குழலும்: கௌபாய் போட்டிக்காக ஒரு துப்பாக்கியைச் சீரமைத்த நிகழ்வு ஆய்வு

நான்கு இரும்புத் தகடுகளில் இரண்டு விழுந்துவிட்டன. துப்பாக்கியை மடக்கித் திறந்து பின்பக்கமாக ஓர் உதறு உதறினேன். வலது குழலின் காலித் தோட்டா தோளுக்கு மேலே பறந்து போனது. இடது குழலில் இருந்தது அசையவே இல்லை. மறுபடி உதறினேன். வரவில்லை. கடைசியில் நகத்தால் அதன் விளிம்பைப் பிடித்து இழுத்தெடுத்து, இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு புதுத் தோட்டாக்களை உருவிப் போட்டு மூடினேன். விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. திறந்ததும் சேஃப்டி, அதாவது விசையைத் தடுக்கும் பூட்டு, தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது, அதைத் தள்ள மறந்துவிட்டேன். தள்ளினேன், சுட்டேன், மீதி இரண்டும் விழுந்தன. டைமரைப் பார்த்தால், இரண்டாவது வேட்டுக்கும் மூன்றாவது வேட்டுக்கும் நடுவில் 9 நொடிக்கு மேல் போயிருந்தது. என்னோடு அன்று சுட்ட ஒரு பாட்டி மொத்தச் சுற்றையும் முடிக்க அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

டெக்ஸஸில் நடந்த என் மூன்றாவது போட்டி அது. அந்தத் துப்பாக்கியை ஒரு பட்டறையில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று படிப்படியாகச் சரி செய்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டைமரில் அளந்தோம். எது பலன் தந்தது, எது தரவில்லை, எதைச் செய்து கெடுத்தோம் என்பதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் பற்றித் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். 1980களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் சில நண்பர்கள் சேர்ந்து, மேற்கத்தியத் திரைப்படங்களில் வரும் பழைய வகைத் துப்பாக்கிகளை வைத்தே ஒரு போட்டி நடத்திப் பார்த்தார்கள். 1982இல் ‘எண்ட் ஆஃப் டிரெயில்’ போட்டி தொடங்கியது, 1987இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி அமைந்தது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ள முடியாது. வருடக்கணக்காகப் பழகியவர்களின் சொந்தப் பெயர் எனக்கு இன்னும் தெரியாது, கேட்கவும் தோன்றியதில்லை. 19ஆம் நூற்றாண்டு உடையிலோ மேற்கத்தியத் திரைப்படங்களில் வரும் உடையிலோதான் வரவேண்டும். நான்கு துப்பாக்கி வேண்டும்: சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ஒவ்வொரு வேட்டுக்கும் சுத்தியைக் கையால் இழுக்க வேண்டியது) இரண்டு, ரிவால்வர் தோட்டாவைச் சுடும் லீவர் ரைபிள் ஒன்று, அந்தக் காலத்து வகை ஷாட்கன், அதாவது ஒரே வேட்டில் பல சிறுரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி, ஒன்று. எடுத்துக்கொண்ட நேரத்தோடு, தவறவிட்ட ஒவ்வோர் இலக்குக்கும் 5 நொடியும், சுட வேண்டிய வரிசையைத் தப்பாகச் செய்தால் 10 நொடியும் சேரும். கடைசியில் யாருடைய நொடி குறைவோ அவர் முன்னால்.

இங்கே குடியேறியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை விசா, மாணவர் விசா போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகள் உண்டு, வேட்டை உரிமம் அதில் ஒன்று. ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு இறங்கும் விஷயம் இல்லை இது. கிரீன் கார்டு கையில் வரும்வரை நான் பார்வையாளராக மட்டும் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் காத்திருப்பில் கற்றுக்கொண்டதும் நிறைய.

சரி, ஷாட்கனுக்கு வருவோம். ரிவால்வரையும் ரைபிளையும் சுற்று தொடங்குவதற்கு முன்பே நிரப்பி வைத்துவிடலாம். ஷாட்கன் மட்டும் காலியாக, திறந்த நிலையில் மேசையில் கிடக்கும். டைமர் ஓடத் தொடங்கிய பிறகு, உடம்பில் கட்டியிருக்கும் பட்டையிலிருந்து தோட்டாவை எடுத்துத்தான் நிரப்ப வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் கூடாது. விண்செஸ்டர் 1897 பம்ப், 1887 லீவர் ஷாட்கன் போன்றவற்றுக்கும் இடம் உண்டு என்றாலும் நிறையப் பேர் கையில் இருப்பது பக்கத்தில் பக்கமாகக் குழல் வைத்த இரட்டைக்குழல்தான். அதில் எஜெக்டர், அதாவது காலித் தோட்டாவைத் தானே தூக்கியெறியும் ஏற்பாடு, இருக்கக் கூடாது. தோட்டாவைச் சில மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் மட்டும்தான். அங்கிருந்து வெளியே எடுப்பது சுடுபவரின் பாடு.

நான்கு தகடு விழ வேண்டும் என்றால் சுடுவதற்கு ஆகும் நேரம் சொற்பம்தான். இலக்குகள் பெரும்பாலும் 8 முதல் 16 கஜ தூரத்துக்குள் நிற்கும், தவறவிடுவது கடினம். மீதி நேரம் முழுக்கத் திறப்பது, காலி செய்வது, நிரப்புவது, மூடுவது. நான் முதலில் இதைப் புரிந்துகொள்ளாமல் விசையை இலகுவாக்க வேண்டும், குழலின் சோக்கை (ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தும் முனைக் குறுகலை) மாற்ற வேண்டும் என்றெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஆயுதச் சீரமைப்பு உரிமம் பெற்ற ஒரு பெரியவரின் பட்டறை. அவர் பட்டியலைப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். “சுட்ட காலித் தோட்டா ஏதாவது வைத்திருக்கிறாயா? அதைக் கொண்டு வா” என்றார்.

அதிர்ஷ்டவசமாக வண்டியில் ஒரு பை நிறைய இருந்தது.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 12 போர் (குழல் விட்டத்தின் அளவு), 20 அங்குலக் குழல்கள், 3 அங்குலத் தோட்டா அறை, வெளியே சுத்தி இல்லாத பாக்ஸ்லாக் வகை, இரண்டு விசைகள். மலிவான விலையில் பழையதாக வாங்கியது. இந்த அளவுத் துப்பாக்கியை இங்கே கோச் கன் என்கிறார்கள், கோச் என்றால் குதிரை வண்டி. தங்கமும் பணமும் ஏற்றிச் சென்ற குதிரை வண்டிகளில் வண்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த காவலர்களின் ஆயுதம் என்பதால் அந்தப் பெயர். 1852இல் தொடங்கிய வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் காவலர்கள் கையில் இதன் முன்னோடிகள் இருந்தன. 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த புகழ்பெற்ற சண்டையில் டாக் ஹாலிடே என்ற சூதாடி சுட்டதும் ஒரு குட்டை இரட்டைக்குழலால்தான்.

உள்ளே இருக்கும் இயந்திர அமைப்பு இங்கிலாந்தில் பிறந்தது. பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஆன்சனும் டீலியும் 1875இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. மேலே இருக்கும் லீவரைக் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளினால் பூட்டு விடுபடும், குழல்கள் கீலில் முன்பக்கம் சாயும். அப்படிச் சாயும்போது இரண்டு நெம்புகோல்கள் உள்ளே இருக்கும் சுத்திகளைப் பின்னுக்குத் தள்ளி விசையில் மாட்டி வைக்கும். அதாவது திறப்பதும் சுத்தியைத் தயார் செய்வதும் ஒரே அசைவு. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், நாங்கள் செய்த தவறு இங்கேதான் வருகிறது.

பெரியவர் காலித் தோட்டாக்களை மேசையில் கொட்டி, மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். இரண்டே நிமிடத்தில் இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டார். ஒரு குவியலில் இருந்தவற்றின் உலோக அடிப்பாகத்தில் மெல்லிய வளையக் கீறல்கள், விரல் ரேகை மாதிரி. “இது எல்லாம் இடது குழலில் சுட்டது” என்றார். பிறகு குழல்களைக் கழற்றி, தோட்டா அறையின் ஒரு முனையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னார். வலது அறையின் சுவர் மங்கலான கண்ணாடிபோல இருந்தது. இடது அறையில் வரிவரியாக வளையங்கள், ஆழமில்லாத திருகுமரை போல. தொழிற்சாலையில் அறையைக் குடைந்த கருவி விட்டுப்போன தடம் அது. சுடும்போது தோட்டா விரிந்து சுவரோடு அழுந்துகிறது. அழுத்தம் போனதும் பித்தளை சுருங்கித் திரும்பி வரும். ஆனால் மலிவுத் தோட்டாக்களில் அடிப்பாகம் பித்தளை முலாம் பூசிய எஃகு, அது அந்த அளவு சுருங்காது. வளையங்களில் போய்ப் பிடித்துக்கொள்ளும். மேசை ஓரத்தில் இருந்த காந்தத்தை எடுத்து என் தோட்டாக்களின் மேல் காட்டினார். அத்தனையும் ஒட்டிக்கொண்டன.

அதனால் முதல் செலவு துப்பாக்கிக்கு இல்லை. தோட்டாவை மாற்றினேன். இந்த விளையாட்டில் விண்செஸ்டர் ஏஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் இரண்டுக்கும் மதிப்பு அதிகம். பிளாஸ்டிக் உடல் வழவழப்பாக இருப்பதால் உள்ளே போவதும் எளிது, வெளியே வருவதும் எளிது. நான் ஏஏவுக்குப் போனேன், உதைப்புக் குறைந்த வகை. விதிப்படி ஈயச் சிறுரவைதான், 4ஆம் எண்ணைவிடப் பெரிய ரவை கூடாது. தோட்டாவை மட்டும் மாற்றிவிட்டுப் பத்து முறை அளந்தோம். இரண்டாவது வேட்டிலிருந்து மூன்றாவது வேட்டு வரைக்கும் ஆகும் நேரம்தான் எங்கள் அளவுகோல். டைமர் வேட்டுச் சத்தத்தை வைத்து ஒவ்வொன்றையும் பதிந்துவிடும் என்பதால் ஏமாற்ற முடியாது. பழைய தோட்டாவில் சராசரி 6.8 நொடி. புதியதில் 5.7. துப்பாக்கியில் ஓர் அரம்கூடப் படுவதற்கு முன்பே ஒரு நொடிக்கு மேல் கிடைத்துவிட்டது. இதை முதலில் செய்யாமல் பட்டறைக்கு ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது மனசு கேட்காது, கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது தோட்டா அறை. என்னைக் கேட்டால் மொத்த வேலையின் உயிர் இதுதான்.

பெரியவர் பயன்படுத்தியது, கம்பி முனைகளில் சிறு உருண்டைகளாகத் தேய்ப்புத்தூள் ஒட்டிய வளையும் ஹோன், அதாவது தேய்க்கும் கருவி. அதை மெதுவாகச் சுழலும் டிரில்லில் மாட்டி, எண்ணெயைக் கொட்டோ கொட்டென்று கொட்டி, அறைக்குள் முன்னும் பின்னும் நிற்காமல் ஓட்டினார். எண்ணி முப்பது நொடி. நிறுத்தித் துடைத்து விளக்கில் பார்த்தார். ஒரு காலித் தோட்டாவைப் போட்டுக் குழலைச் செங்குத்தாகத் திருப்பினார். விழவில்லை. மறுபடி முப்பது நொடி. இப்படி ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் அறையின் விட்டத்தை அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். வளையங்கள் முழுக்க மறைய வேண்டும் என்று அவர் பார்க்கவில்லை. வளையத்தின் மேடுகள் மழுங்கினால் போதும், பள்ளங்கள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். பள்ளம் மறையும்வரை தேய்த்தால் அறை பெருத்துவிடும். பெருத்த அறையில் தோட்டா இன்னும் அதிகமாக விரியும், மறுபடி மாட்டிக்கொள்ளும். சரி செய்யப் போய் அதே நோயைத் திரும்ப வாங்கி வருவது அது.

ஹோன் ஒரு இடத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டார். தோட்டாவின் விளிம்பு உட்காருவதற்காக அறையின் வாயில் ஒரு படி வெட்டியிருக்கும். தோட்டா எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்தப் படிதான் தீர்மானிக்கிறது. அது கொஞ்சம் ஆழமானாலும் தோட்டா உள்ளே தள்ளி உட்காரும், வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின் சரியாகக் குத்தாது, சுடும்போது பின்பக்கத்துக்கு ஆதாரமும் குறையும். வீட்டில் டிரில்லும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் அந்தப் படியை நினைத்தாவது விட்டுவிட வேண்டும். அளவுமானி இல்லாத கையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

எட்டாவது தடவை குழலைத் திருப்பினபோது காலித் தோட்டா தானாக வழுக்கி மேசையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. வலது அறைக்கு மூன்று தடவையே போதுமாக இருந்தது.

அறையின் வாய் விளிம்பையும் அன்றே பார்த்தார். புதுத் தோட்டா ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாகச் செருகச் சொன்னார். செருகினேன். விளிம்பு பிளாஸ்டிக்கைச் சீவி, பென்சில் சீவல் மாதிரி ஒரு சுருள் வெளியே வந்தது. அவசரத்தில் இரண்டு தோட்டாவை ஒரே கைப்பிடியில் செருகும்போது எந்தத் தோட்டாவும் நேராகப் போகாது. அந்தக் கூர் விளிம்பு ஒவ்வொரு தடவையும் கையைத் தடுத்திருக்கிறது. நான் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளிம்பைச் சாய்வாக மழுக்கி, பிசிறு எடுத்து, வழவழப்பாக்கினார். எக்ஸ்ட்ராக்டர் தட்டின் ஓரமும் அப்படியே. இங்கேயும் விளிம்புப் படி உட்காரும் அளவுக்கு உலோகம் மிச்சம் இருக்க வேண்டும், அதனால் சாய்வு மிகச் சிறியது. பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் தெரியும்.

இரண்டும் சேர்ந்து 5.7 நொடியை 4.4 ஆக்கின.

மூன்றாவது, தானியங்கி சேஃப்டி. மேல் லீவரைத் தள்ளும்போது உள்ளே ஒரு கம்பி சேஃப்டிப் பொத்தானைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வேட்டைக்குப் போகிறவருக்கு அது நல்ல ஏற்பாடு, முள்ளுப் புதருக்குள் நடக்கும்போது உயிரைக் காக்கும். ஆனால் இந்த விளையாட்டில் ஷாட்கன் சுடும் இடத்தில் மட்டும்தான் நிரப்பப்படுகிறது, சுட்டு முடித்ததும் திறந்து காலியாக வைக்கப்படுகிறது, பக்கத்திலேயே ஓர் அலுவலர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் அந்தக் கம்பியை எடுத்துவிடுவது இங்கே வழக்கம். பெரியவர் கம்பியை எடுத்தார், பொத்தான் கையால் போடும்படி அப்படியே வேலை செய்கிறது. எடுத்த கம்பியை ஒரு சின்னப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கிப் பெட்டிக்குள் ஓர் அட்டையைக் கட்டினேன்: ‘சேஃப்டி தானாக வராது.’ இந்தத் துப்பாக்கியை இனி வேட்டைக்கு எடுத்துப்போக மாட்டேன், யாராவது இரவல் கேட்டால் முதலில் அந்த அட்டையைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பேன்.

நேரத்தில் இதன் பலனைச் சராசரியாகச் சொல்வது கடினம். சேஃப்டியைத் தள்ள நினைவிருந்த தடவைகளில் அரை நொடிக்கும் குறைவாகத்தான் மிச்சமானது. மறந்த தடவைகளில் இரண்டு நொடி.

இப்போது தவறு. துப்பாக்கியைத் திறப்பதே எனக்குச் சிரமமாக இருந்தது. இரண்டு குழலையும் சுட்ட பிறகு திறந்தால் இரண்டு சுத்திகளின் ஸ்பிரிங்கையும் ஒரே நேரத்தில் அழுத்தித் தயார் செய்ய வேண்டும், முழங்காலில் வைத்து உடைக்கிற மாதிரி இருந்தது. இலகுவான ஸ்பிரிங் போட்டால் எளிதாகத் திறக்கும் என்று நான்தான் கேட்டேன். பெரியவருக்கு அரைமனதுதான். போட்டுத் தந்தார். பட்டறைக்குப் பின்னால் சுட்டபோது வெண்ணெயில் கத்தி போவது போலத் திறந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். சராசரி 3.7க்கு இறங்கியது.

அடுத்த போட்டியில், மூன்றாவது சுற்றில், இடது குழல் ‘டிக்’ என்றது. வேட்டு இல்லை. திறந்து பார்த்தால், குத்துப்பட்டதும் தீப்பொறி தரும் பிரைமரில் ஊசிமுனை பட்ட மாதிரி லேசான குழி. விதிப்படி நிற்கும் தகட்டுக்கு மறுபடி ஒரு தோட்டா போட்டுச் சுடலாம், போட்டேன், ஆனால் அதற்குள் நான்கு நொடி போனது. ஐந்தாவது சுற்றில் மறுபடி. வெடிக்காத தோட்டா இழப்பது நொடியை மட்டுமில்லை. ‘டிக்’ என்று கேட்ட பிறகு தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரமாகத் திறக்கும் கை அதை யோசிக்காது. அன்று மிச்சமிருந்த சுற்றுகளுக்கு ஒரு நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டேன்.

பழைய ஸ்பிரிங்குகள் மறுபடி உள்ளே போயின. இந்தத் தடவை பெரியவர் தான் நினைத்த வழியில் செய்தார். சுத்தியைத் தள்ளும் நெம்புகோல்கள், அவை உரசும் முகங்கள், கீல் ஊசி, இவற்றை மட்டும் மெருகேற்றி, நல்ல கிரீஸ் வைத்தார். நெம்புகோலின் உரசும் முகத்தை எனக்குக் காட்டினார். அரத்தின் தடம் குறுக்காகப் போயிருந்தது, உரசும் திசைக்குச் செங்குத்தாக. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்தத் தடங்கள்மேல் இன்னொரு உலோகம் ஏறி இறங்கியிருக்கிறது. கல்லில் எண்ணெய் விட்டு உரசும் திசையிலேயே தேய்த்தார். ஸ்பிரிங்கின் பலத்தைக் குறைக்காமலே திறப்பது பாதி எளிதானது. மேல் லீவரின் ஸ்பிரிங்கை மட்டும் சற்று இலகுவாக்கினார், அது பிரைமரைக் குத்துவதில் சம்பந்தப்படாதது. லீவரின் கூர் ஓரத்தையும் உருட்டிவிட்டார், என் கட்டைவிரலில் அது வெட்டிய தடம் அப்போதும் இருந்தது. சராசரி 3.9. இலகு ஸ்பிரிங்கைவிட நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் மெதுவு. அதற்குப் பிறகு சுட்ட எந்தத் தோட்டாவும் வெடிக்காமல் போகவில்லை.

விசையைத் தொடவே இல்லை. அழுத்தம் கனமாகத்தான் இருக்கிறது, இரண்டும் ஒரே கனமும் இல்லை. ஆனால் சுத்தியும் விசையும் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன விளிம்பைக் குறைத்தால், குழலைப் படாரென்று மூடும் வேகத்திலோ, முதல் குழலின் உதைப்பிலோ அடுத்தது தானாக வெடித்துவிடலாம். 10 கஜத்தில் நிற்கும் இரும்புத் தகட்டுக்கு வெண்ணெய் போன்ற விசை எதற்கு? பெரியவர் மறுத்துவிட்டார், அவர் மறுத்ததில் எனக்கு நன்றிதான்.

குழலையும் வெட்டவில்லை. நீளக் குழலை வாங்கி வெட்டிக் குட்டையாக்குபவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ஷாட்கனின் குழல் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முன் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே போனால் அது கடுமையான குற்றம். ரம்பம் கால் அங்குலம் வழுக்கினாலும் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லித் தப்ப முடியாது. வெட்டினால் குழல் முனையில் இருக்கும் சோக்கும் போய்விடும். என்னுடையது 20 அங்குலமாகவே வந்ததால் இந்தத் தலைவலி இல்லை.

பின்கட்டையில் இரண்டு சிறு வேலைகள். எனக்குக் கை குட்டை. கட்டையின் பின்புறத்தில் அரை அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைத்தோம். இருந்த ரப்பர் திண்டு, போட்டிக்குப் போடும் பருத்தி மேல்சட்டையில் பிடித்துக்கொண்டு தோளில் ஏறாமல் நின்றது. அதன்மேல் மெல்லிய தோலை ஈரமாக்கி இழுத்துத் தைத்து மூடினார். இப்போது தோளுக்கு வழுக்கி ஏறுகிறது. தோல் உறை உதைப்பைக் குறைக்காது, ஆனால் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து உட்காருகிறது.

வெளியே சுத்தி வைத்த துப்பாக்கியை வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். ‘கிளாசிக் கௌபாய்’ பிரிவில் சுட அது தேவை, அல்லது லீவர் ஷாட்கன் தேவை. பார்க்க அழகு, எனக்கும் ஆசைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு சுத்தியையும் கட்டைவிரலால் இழுத்து வைக்க வேண்டும். அந்த விரல் வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு வருடமாவது ஆகும், இந்தத் துப்பாக்கியை முழுக்கப் பழகிய பிறகு பார்க்கலாம். வசதி உள்ளவர்கள் ஜப்பானில் செய்த பழைய எஸ்கேபி இரட்டைக்குழலைத் தேடிப்போகிறார்கள். அதைத் திறந்து மூடிப் பார்த்தால் ஏன் என்று கைக்கே புரிந்துவிடும்.

துப்பாக்கி வேலை முடிந்த பிறகும் 3.9இலேயே நின்றது. மிச்சம் கையில்தான் இருந்தது. பட்டையில் தோட்டாக்களை ஒற்றையாகச் செருகி வைத்திருந்தேன். இரண்டிரண்டாக ஒரே வளையத்தில் நிற்கும் பட்டைக்கு மாறினேன், விதிப்படி ஒரு வளையத்தில் இரண்டுக்கு மேல் கூடாது. இரண்டையும் ஒரே பிடியில் உருவி, சுட்டுவிரலை நடுவில் கொடுத்துக் குழல்களின் இடைவெளிக்கு ஏற்பப் பிரித்துப் போட வேண்டும். வெடிமருந்தோ பிரைமரோ இல்லாத போலித் தோட்டாவை வைத்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஐம்பது தடவை பழகினேன். கீழே ஒரு பழைய போர்வை, தோட்டா விழுந்து தரை கெடாமல் இருக்க. போட்டியில் கை நழுவி விழுந்த தோட்டா செத்த தோட்டா, சுற்று முடியும்வரை குனிந்து எடுக்கக் கூடாது. அதனால் பழகும்போதும் எடுக்கவில்லை, பட்டையிலிருந்து அடுத்ததைத்தான் எடுத்தேன்.

உதறும் அசைவைத் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. மாட்டிக்கொள்ளும் தோட்டாவோடு மல்லுக்கட்டிய பழக்கத்தில் துப்பாக்கியை இடப்பக்கம் வீசி உதறிக்கொண்டிருந்தேன். குழல் முனை சுடும் திசையை விட்டு விலகினால், இருபுறமும் சேர்த்து 170 டிகிரிக்கு வெளியே போனால், அது பாதுகாப்பு மீறல், தண்டனை உண்டு. அறை வழுக்கலான பிறகு வீசவே தேவையில்லை. கட்டையை இடுப்புப் பக்கம் இழுத்து நிறுத்தினால் இரண்டும் தானாகப் பறக்கின்றன, முனை முன்பக்கமே நிற்கிறது. தோட்டா அறையைத் தேய்த்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் நொடி இல்லை, இதுதான்.

ஆறு மாதம் கழித்து அதே மைதானத்தில், நான்கு தகடு, இரண்டு நிரப்பல். இரண்டாவது வேட்டுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் 3.1 நொடி. அந்தப் பாட்டி இன்னும் எனக்கு முன்னால்தான் இருக்கிறார். சுற்று முடிந்ததும் என் துப்பாக்கியை வாங்கி, தோட்டா அறையின் வாயில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, யாரிடம் செய்தாய் என்று கேட்டார்.

ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் அறைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் படிகிறது. தோட்டாவின் பிளாஸ்டிக் உருகி ஒட்டியதும் கரியும் சேர்ந்தது அது. அதை விட்டுவைத்தால் இரண்டு மூன்று போட்டியிலேயே தோட்டா மறுபடி தயங்க ஆரம்பிக்கும். பித்தளைப் பிரஷ், கரைப்பான், பிறகு பழைய வேட்டித் துணி. இடது குழலை முதலில் துடைக்கிறேன்.